ஆறு மணிக்கு வரும் விருந்தாளி

அக்டோபர் மாதம். மரக்காணம் உப்பளங்களில் வேலை ஓய்ந்துவிடுகிற நேரம். நாலு நல்ல மழை பெய்தால் போதும், பாத்திகளெல்லாம் குளமாகிவிடும். வாரிக் குவித்த உப்பின்மேல் பனை ஓலையைப் போர்த்திவிட்டு, தை பிறக்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

அந்த மாதிரி ஒரு விடியற்காலை. கூனிமேட்டில் ஒரு வீடு. பின்பக்கக் கதவைத் திறந்தால், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. ஆளைப் பார்த்தும் பறக்கவில்லை. ஓடக்கூட இல்லை. கண்ணை மூடி மூடித் திறக்கிறது.

முதுகு பச்சை. தோளில் பளிச்சென்று ஒரு நீலம். கழுத்து வெள்ளை, வயிறு சந்தன நிறம். கண்ணைச் சுற்றி முகமூடி கட்டியதுபோல் கறுப்புப் பட்டை, அதற்கு மேலே வெள்ளைப் புருவம். வயிற்றின் அடிப்பக்கம் குங்குமத்தைக் கொட்டியதுபோல் சிவப்பு. வாலைத்தான் தேட வேண்டும். யாரோ கத்தரித்துவிட்டது மாதிரி ஒரு துண்டு, அவ்வளவுதான். இந்த நிறங்களைப் பார்த்தால் யாருக்கும் முதலில் என்ன தோன்றும்? "எவர் வீட்டிலேயோ வளர்த்த பறவை கூண்டிலிருந்து தப்பி வந்துவிட்டது!" பிள்ளைகள் படம் எடுப்பார்கள். "இது என்ன பறவை?" என்ற கேள்வியோடு படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். பெரியப்பா "மீன்கொத்தி" என்பார். சித்தி "வெளிநாட்டுக் கிளி" என்பார்.

இப்படியொரு காலை, சென்னை முதல் புதுச்சேரி வரையுள்ள கடலோரத்தில் ஏதாவது ஒரு வீட்டில் ஆண்டுதோறும் விடிகிறது. வந்திருப்பது கூண்டுப் பறவையும் இல்லை, வெளிநாட்டுக் கிளியும் இல்லை. அதன் பெயர் ஆறுமணிக்குருவி.

பெயருக்குக் காரணம் எளிது. காலை வெளிச்சம் வரும் நேரத்தில் ஒரு தடவை, மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு தடவை, இரண்டே சுரத்தில் சீழ்க்கை அடிக்கும். தெருமுனையில் நின்று நண்பனைக் கூப்பிடும் பையனின் சீழ்க்கை மாதிரி, ஏறி இறங்கும் ஒலி. அந்த நேரம் கிட்டத்தட்ட ஆறு மணியாக இருப்பதால் இந்தப் பெயர். மேகமூட்டமாக இருந்தால் நடுப்பகலிலும் அடிக்கும், அது வேறு விஷயம். பொன்னுத்தொட்டான் என்று இன்னொரு பெயர் உண்டு. தோட்டக்கள்ளன் என்றும் ஒரு பெயர் இருக்கிறது. அதுதான் இருப்பதிலேயே பொருத்தமான பெயர். தோட்டத்தில் இருப்பது தெரியும், குரலும் கேட்கும், ஆள் மட்டும் கண்ணில் படாது.

இத்தனை நிறத்தை வைத்துக்கொண்டு எப்படி ஒளிகிறது என்று கேட்கலாம். அதன் இருப்பிடத்தைப் பார்த்தால் புரியும். இது கிளை நுனியில் உட்கார்ந்து ஊருக்குக் காட்சி தரும் பறவை கிடையாது. மரத்தடியில், புதருக்கு உள்ளே, சருகு மண்டிய தரையில் நடமாடுகிறது. நீளமான, பலமான கால்கள். தத்தித் தத்திப் போய், அலகால் சருகைப் புரட்டித் தள்ளி, அடியில் இருக்கும் பூச்சியையும் மண்புழுவையும் பொறுக்கித் தின்னும். நிழலில் மேலேயிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவது பச்சை முதுகு மட்டுமே. அது இலையோடு இலையாகக் கலந்துவிடும். சிவப்பு அடியில் மறைந்திருக்கிறது. இறக்கையிலுள்ள வெள்ளை, பறக்கும்போது மட்டும்தான் மின்னும். அந்த மின்னலைப் பார்த்து நாம் திரும்புவதற்குள் அது அடுத்த புதருக்குள் போயிருக்கும்.

இந்தக் குருவியின் சொந்தபந்தங்கள் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலானவை தென்கிழக்கு ஆசியாவின் மழைக்காடுகளில், பெரிய மரங்களின் கீழே, வெயில் படாத தரையில் வாழ்கின்றன. ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சில உண்டு. பறவை பார்ப்பதற்கென்றே உலகம் சுற்றுகிறவர்கள் இந்தக் குடும்பத்தில் ஒன்றைப் பார்ப்பதற்காகப் போர்னியோ காட்டில் அட்டைக்கடியோடு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்பேர்ப்பட்ட குடும்பத்தின் ஓர் உறுப்பினர், உப்புக்காற்று வீசும் கூனிமேட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எப்படி?

அதற்குக் காரணம் மழை.

ஆறுமணிக்குருவி குஞ்சு பொரிப்பது வடக்கே. இமயமலை அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியிலும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது கூடு கட்டும். குச்சியும் புல்லும் வேரும் சேர்த்து, பந்து மாதிரி உருண்டையாக ஒரு கூடு. வாசல் பக்கவாட்டில். நாலைந்து முட்டைகள். மழையில் மண் நனைந்து புழுவும் பூச்சியும் பெருகும்போது குஞ்சுகளுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. செப்டம்பர் முடியும்போது அங்கே மழை ஓய்கிறது. தரை காய்கிறது. சருகுக்கு அடியில் பூச்சிகள் குறைகின்றன.

அதே சமயத்தில்தான் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. இந்தியாவின் பெரும்பகுதி காயத் தொடங்கும் மாதங்களில் சோழமண்டலக் கடற்கரை நனைகிறது. அங்கே பந்தி முடிந்தால் இங்கே இலை போடுகிறார்கள். இரண்டு மழையிலும் பங்கு வாங்கிக்கொள்ளத் தெரிந்த பறவை இது. உப்புக்கு எது கெட்ட காலமோ, அது இந்தக் குருவிக்கு நல்ல காலம்.

ஆனால் அந்தப் பந்திக்கு நடந்து வர முடியாது. இமயமலை அடிவாரத்திலிருந்து கூனிமேட்டுக்கு நேர்கோட்டில் பார்த்தாலே சுமார் 2,000 கிலோமீட்டர். குருவியின் எடை ஒரு கோழிமுட்டை அளவு. மற்ற நாட்களில் தரையிலிருந்து எழும்பவே யோசிக்கிற பறவை, இந்தப் பயணத்தை இரவில், வானத்தில் செய்கிறது. பகலில் எங்காவது புதரில் இறங்கி இரை தேடும், இருட்டியதும் கிளம்பும். கடலோரத்துக்கு வந்து சேரும்போது பலவற்றுக்கு உடம்பில் தெம்பே இருக்காது. போதாததற்கு எதிரே மழையும் காற்றும். இரவில் பறக்கும் பறவைகளை விளக்கு வெளிச்சம் இழுக்கும் என்பது பழைய அனுபவம். விடிய விடிய எரியும் விளக்குகளைப் பார்த்துக் கீழே இறங்கி, வராந்தாவிலும் மாடிப்படியிலும் குளியலறையிலும்கூட இது மாட்டிக்கொள்கிறது. கண்ணாடி ஜன்னலில் மரம் பிரதிபலித்தால், அதை மரமென்றே நம்பி மோதி விழுகிறது. விழுந்த இடத்தில் பூனை இருந்தால் கதை அதோடு முடிந்தது.

இப்போது கூனிமேட்டு வீட்டுக்குத் திரும்புவோம். பறவை உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்வது?

பெரும்பாலான வீடுகளில் செய்வது, கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வாயில் ஊற்றுவது. கருணைதான், ஆனால் ஆபத்து. மூச்சுக்குழாயில் தண்ணீர் போய்விட்டால் பிழைக்க வந்த பறவை நம் கையிலேயே போய்விடும். அரிசி, நொய், பிஸ்கட் தூள் எதுவும் வேண்டாம். அது தானியம் தின்னும் பறவை இல்லை. சுற்றி நின்று படம் எடுப்பது, கையில் மாற்றி மாற்றி வாங்கிப் பார்ப்பது, இவையெல்லாம் அதற்கு உயிர்பயம்.

ஒரு அட்டைப்பெட்டி போதும். செருப்பு வாங்கிய பெட்டியாக இருந்தாலும் சரி. காற்றுப் போக நாலைந்து துளை, அடியில் ஒரு பழைய துணி. மெதுவாக எடுத்து உள்ளே வைத்து மூடி, பூனையும் குழந்தைகளும் எட்டாத அமைதியான இடத்தில் வைத்துவிட வேண்டும். இருட்டில் அதன் படபடப்பு அடங்கும். கண்ணாடியில் மோதிய மயக்கமும் பல சமயம் ஓரிரு மணி நேரத்தில் தெளியும். உள்ளே தத்தும் சத்தம் கேட்கும். அப்போது புதரும் நிழலும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் தரையில் சாய்த்துத் திறந்தால், தானாக வெளியே வந்து புதருக்குள் நுழைந்துகொள்ளும். இறக்கை தொங்கினாலோ, ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்வதுதான் சரி. "அழகா இருக்கே, நாமே வளர்க்கலாம்" என்று வீட்டில் ஒரு குரல் கட்டாயம் எழும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தராது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், தினமும் உயிருள்ள பூச்சியும் புழுவும் கேட்கும் விருந்தாளிக்கு யார் சமைத்துப் போடுவது?

"புதரும் நிழலும் உள்ள இடம்" என்று சுலபமாகச் சொல்லியாயிற்று. கூனிமேட்டைச் சுற்றி அப்படி ஓர் இடத்தைத் தேடிப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

கிழக்கே கடல். வடக்கே மரக்காணம் உப்பளங்கள், ஆயிரக்கணக்கான ஏக்கர், நிழலுக்கு ஒரு செடி கிடையாது. மேற்கே கழுவேலி ஏரி. பூநாரையும் வாத்துகளும் வந்து குவியும் அந்த நீர்ப்பரப்பைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அது தண்ணீரில் நிற்கிற பறவைகளுக்கான வீடு. நம் குருவி அங்கே போய் என்ன செய்யும்? சவுக்குத் தோப்புகளில் நிழல் இருக்கிறது, ஒளிந்துகொள்ளப் புதர் இல்லை. முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்க வசதியாக அடித்தரையைச் சுத்தமாக வைத்திருப்பார்கள். தென்னந்தோப்பும் அப்படித்தான். தூரத்தில் இருந்து பார்த்தால் இந்தக் கடலோரம் பச்சைப்பசேல் என்று தெரியும். இடுப்பு உயரத்துக்குக் கீழே குனிந்து பார்த்தால் வெறுமை.

ஒரு காலத்தில் அப்படி இல்லை. இந்தக் கடலோரத்துக்கென்றே ஒரு காடு இருந்தது. உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலில் அதற்குப் பெயர். ஆந்திரக் கடலோரத்திலிருந்து தெற்கே கோடியக்கரையையும் தாண்டி, கடலை ஒட்டி ஒரு நாடா மாதிரி நீண்டு கிடந்தது. மழைக்காட்டின் தம்பி என்று சொல்லலாம். மரங்கள் அவ்வளவு உயரம் போகாது. ஆனால் கோடையிலும் இலை உதிர்த்து மொட்டையாக நிற்காது. காயா, வீரை, பாலை, நாவல், கருங்காலி என்று மரங்கள் நெருங்கி நிற்க, அவற்றைக் கொடிகள் பின்னிக் கட்டியிருக்கும். அடியில் பகலிலும் இருட்டு. வருஷம் முழுக்கச் சருகு.

அந்த நாடாவில் இப்போது மிஞ்சியிருப்பவை கிழிந்த துணுக்குகள். அவற்றில் பலவற்றைக் காப்பாற்றியது சாமி பயம்.

கூனிமேட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கி வந்தால் கீழ்ப்புத்துப்பட்டு. அங்கே மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றி நிற்கிறது அப்படியொரு துணுக்கு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆராய்ச்சியாளர்கள் 1990-களிலிருந்தே இதன் மரங்களையும் கொடிகளையும் எண்ணி, அளந்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஐயனார் காட்டில் மரம் வெட்டக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. பல ஊர்க் கோயில் காடுகளில் கீழே விழுந்த சுள்ளியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ராத்திரியில் குதிரையேறி ஊரைச் சுற்றிக் காவல் காக்கும் சாமி, தன் காட்டையும் காத்துக்கொண்டது. அந்தக் காவலில்தான், அதே ராத்திரியில் களைத்து வந்து இறங்கும் ஒரு வடநாட்டுப் பறவைக்கும் இடம் கிடைக்கிறது.

அந்தக் காலத்து யாத்திரைக்காரர்களுக்கு வழி நெடுக சத்திரம் இருந்தது. நடந்து களைத்தவர் ஒரு வேளை சாப்பிட்டு, ஒரு ராத்திரி படுத்து, மறுநாள் கிளம்புவார். கடலோரத்தின் இந்தக் காட்டுத் துணுக்குகள் ஆறுமணிக்குருவிக்குச் சத்திரங்கள். சென்னையில் கிண்டி தேசியப் பூங்கா, அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம், கீழ்ப்புத்துப்பட்டுக் காடு, அதற்குத் தெற்கே ஆரோவில், கடைசியில் கோடியக்கரை. ஆரோவில் இருக்கும் மேட்டுநிலம் 1968-ல் அந்த ஊர் தொடங்கியபோது மழைநீர் அரித்து ஓடை ஓடையாகப் பிளந்து கிடந்த செம்மண் பொட்டல். அங்கே வந்தவர்கள் கரை போட்டு, மழைநீரைத் தேக்கி, மரம் வைத்தார்கள். பிறகு கோயில் காடுகளிலிருந்து விதை எடுத்து இந்த மண்ணுக்கே உரிய காட்டை மறுபடி வளர்க்கத் தொடங்கினார்கள். விதை கொடுக்க ஒரு கோயில் காடாவது மிஞ்சியிருந்ததால்தான் அது முடிந்தது.

சில குருவிகள் இந்தச் சத்திரங்களிலேயே குளிர்காலம் முழுவதும் தங்கிவிடும். இன்னும் சில கடலைத் தாண்டி இலங்கைக்குப் போகும். சிங்கள மக்களிடம் இதைப் பற்றி ஒரு கதை உண்டு. இந்தக் குருவியின் அழகான இறகுகளை மயில் எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். பறிகொடுத்த குருவி அந்த வழக்கைத்தான் காலையும் மாலையும் சொல்லிக் கத்துகிறதாம். மிச்சம் இருக்கும் நிறமே இவ்வளவு என்றால், மயில் கொண்டுபோனது எவ்வளவோ!

கீழ்ப்புத்துப்பட்டில் ஐயனார் காட்டைப் போலவே இன்னொன்றும் இருக்கிறது. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். ஊர் திரும்ப முடியாமல் ஒரு தலைமுறை அங்கே வளர்ந்துவிட்டது. அவர்கள் விட்டு வந்த தீவுக்குத்தான் இந்தக் கடலோரத்து வழியாக வரும் ஆறுமணிக்குருவிகளில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் போய்த் திரும்புகிறது.

இந்தக் குருவிக்கும் மதராஸுக்கும் முந்நூறு வருஷத்து உறவு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் எட்வர்ட் பக்லி என்று ஒரு மருத்துவர் இருந்தார். வைத்தியம் பார்த்த நேரம் போக, இந்தப் பக்கத்துப் பறவைகளின் படங்களையும் குறிப்புகளையும் லண்டனிலிருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஜான் ரே எழுதிய பறவை நூல், அவர் இறந்த பிறகு 1713-ல் வெளிவந்தபோது, இந்த மதராஸ் பறவைகள் அதில் பிற்சேர்க்கையாக இடம்பெற்றன. அவற்றில் ஒன்று 'பொன்னுங்கி பிட்ட'. தெலுங்கில் பிட்ட என்றால் சின்னப் பறவை. கோட்டையைச் சுற்றித் தெலுங்கு பேசியவர்கள் சொன்ன பெயரை அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். 1766-ல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, பாவம், காக்கைக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார். 1816-ல் பிரெஞ்சுக்காரர் வியேயோ அதைத் தனியாகப் பிரித்து, பிட்டா என்றே பெயர் கொடுத்தார். இன்றைக்குப் போர்னியோவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள இதன் சொந்தங்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். உலகப் பறவை ஆர்வலர்கள் தினமும் உச்சரிப்பது மதராஸ் தெருவில் புழங்கிய ஒரு தெலுங்குச் சொல்.

பிட்டாவை உண்மையான பாட்டுப் பறவை என்று விஞ்ஞானிகள் சொல்வதில்லை. குண்டுக்கரிச்சான் மாதிரியான உண்மையான பாட்டுப் பறவைகள், பெரிய பறவைகளின் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகும். குரு வேண்டும், சாதகம் வேண்டும். பிட்டா குடும்பமோ அந்தப் பாடகர் வரிசைக்குச் சற்று வெளியே நிற்கும் கிளை. அந்தக் கிளைப் பறவைகள் பொதுவாகப் பிறவியிலேயே தெரிந்த குரலோடு வருகின்றன. கச்சேரி செய்யத் தெரியாது, இரண்டு சுரம் தெரியும், அந்த இரண்டும் பிசகாது.

ஆறுமணிக்குருவி அழிந்துகொண்டிருக்கும் பறவை இல்லை. உலகப் பட்டியலில் கவலைக்குரிய இனங்களில் அது சேரவில்லை. அதனால்தான் அதைப் பற்றி யாரும் பதறுவதில்லை. ஆனால் இதே குடும்பத்தில் ஒன்றுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. தாய்லாந்தின் தென்பகுதியில் கர்னி பிட்டா என்று ஒரு பறவை. ஆணுக்கு நீல உச்சந்தலை, கறுப்பும் மஞ்சளுமான அடிப்பாகம். 1952-க்குப் பிறகு அதைக் காட்டில் பார்த்ததாகத் தகவலே இல்லை. போய்விட்டது என்றே பலரும் நினைத்தார்கள். 1986-ல் பிலிப் ரவுண்டு, உதை திரீசுகோன் என்ற இரண்டு பறவையியலாளர்கள் கிராபி பகுதியில் ஒரு சமவெளிக் காட்டில் அதை மறுபடி கண்டுபிடித்தார்கள். உலகமே கொண்டாடியது. கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தபோதே அந்தச் சமவெளிக் காடு ரப்பருக்காகவும் எண்ணெய்ப்பனைக்காகவும் சுருங்கிக்கொண்டிருந்தது. பிறகு 2003-ல் மியான்மரின் தெற்குக் காடுகளில் நிறையப் பறவைகள் இருப்பது தெரிந்து கொஞ்சம் மூச்சு வந்தது. அங்கேயும் எண்ணெய்ப்பனை பின்னாலேயே வந்தது. ரப்பர் தோட்டத்திலும் மரம் இருக்கிறதே, அங்கே இருந்துகொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். மரம் இருக்கிறது. அடியில் புதரும் சருகும் கொண்ட அந்தப் பழைய காட்டுத் தரை இல்லை. தரையில் வாழும் பறவைக்கு மேலே எவ்வளவு பச்சை இருந்து என்ன?

நம் கடலோரத்தில் எண்ணெய்ப்பனை இல்லை. வேறு காரணங்கள் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை நான்கு வழிச்சாலையாக அகலமாகிறது. சாலையை ஒட்டி மனைகளும் விடுதிகளும் வருகின்றன. மனை போடுகிறவர் முதல் வேலையாக ஜேசிபி வைத்துப் புதரை வழித்தெடுப்பார். அவர் கண்ணுக்கு அது முள்ளும் பாம்பும். கோயில் காடுகளிலும் சத்தமில்லாமல் ஒரு மாற்றம் நடக்கிறது. மரத்தை யாரும் வெட்டுவதில்லை, அந்தப் பயம் இன்னும் இருக்கிறது. ஆனால் கோயில் பெரிதாகிறது. மண்டபம் வருகிறது, வண்டி நிறுத்த இடம் வருகிறது, சிமென்ட் தரை வருகிறது, சோடியம் விளக்கு வருகிறது. படையல் போட்டுவிட்டுப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் தட்டுகளை அள்ளுகிறபோது, சருகையும் சேர்த்துக் கூட்டி ஓரமாகக் கொளுத்துகிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஐயனாருக்கு மரங்கள் மிஞ்சும், குருவிக்குத் தரை மிஞ்சாது.

பக்தர்கள்மேல் குறை சொல்வதற்கில்லை. தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டை வைத்திருந்தவர்களே அவர்கள்தான். மரத்தை வெட்டினால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லி வைத்த முன்னோர்கள், சருகைக் கொளுத்தினாலும் குத்தும் என்று சேர்த்துச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அப்போது அதற்குத் தேவை வரவில்லை.

வீட்டுத் தோட்டத்திலும் இதே கதைதான். சருகு கிடந்தால் சோம்பேறி வீடு என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வரும். வாசலைப் பெருக்கட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கொல்லையில் மாமரத்தடியோ கிணற்றடியோ, சுவரோரம் ஒரு மூலையைப் பெருக்காமல் விட்டுவைக்க முடியுமா? கறிவேப்பிலை, மருதாணி, நொச்சி என்று நாலு செடி நெருக்கமாக நின்று, அடியில் இலை மக்கிக் கிடந்தால் போதும். அடையாறு, தாம்பரம் மாதிரி நெரிசலான இடங்களிலேயே மரங்கள் அடர்ந்த வளாகங்களில் இந்தக் குருவி குளிர்காலத்தில் வந்து தங்குகிறது. மழைக்காலத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் மொட்டைமாடி விளக்கையும் தோட்டத்து விளக்கையும் அணைத்துவிட்டால் மின்கட்டணமும் மிச்சம்.

2007-ல் பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தினர், 'இந்தியன் பேர்ட்ஸ்' இதழோடு சேர்ந்து மைக்ரன்ட்வாட்ச் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். வலசைப் பறவை உங்கள் ஊருக்கு எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் போனது என்று சாதாரண மக்களே எழுதி அனுப்பலாம். அப்படி விரும்பிக் கவனிக்கப்பட்ட பறவைகளில் நம் குருவியும் ஒன்று. இப்போது அந்த வேலையை இ-பேர்ட் என்ற செயலியில் கைபேசியிலேயே செய்துவிடலாம். பெரியப்பாவின் மீன்கொத்திப் படம் குடும்பக் குழுவில் தூங்குவதைவிட, தேதியோடும் ஊர்ப் பெயரோடும் அங்கே போய்ச் சேர்ந்தால் பிரயோஜனம் உண்டு. கூனிமேட்டில் ஒரு கொல்லைப்புறத்தில் ஓர் அக்டோபர் காலையில் இது இறங்கியது என்ற ஒரு வரி, அந்த நீண்ட பயணத்தின் வரைபடத்தில் ஒரு புள்ளி.

பெட்டியில் வைத்த குருவி பிழைத்துக்கொண்டால், அதன்பிறகு அதைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். பக்கத்துப் புதரில் இடம் பிடித்துக்கொண்டால் குரல் மட்டும் கேட்கும். மார்கழிக் குளிரில், ஊர் எழுந்திருக்கும் நேரத்துக்குச் சரியாக இரண்டு சுரம். மாலையில் விளக்கு போடும் நேரத்துக்கு இன்னொரு தடவை. கொஞ்ச நாளில் வீட்டுப் பிள்ளைகள் அதை வைத்தே மணி சொல்லப் பழகிவிடுவார்கள்.

தை பிறந்து மழை விலகியதும் உப்பளத்தில் பாத்தி சீர்செய்யும் வேலை தொடங்கும். மாசி, பங்குனியில் வெயில் ஏற ஏற உப்பு பூக்கும். கொல்லைப்புறத்துச் சருகு மொறுமொறுவென்று காய்ந்துபோகும். சித்திரை வெயில் உச்சிக்கு ஏறும் அந்த நாட்களில், ஏதோ ஒரு மாலை ஆறு மணிக்குச் சீழ்க்கை கேட்காது. யாரும் உடனே கவனிக்க மாட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பிள்ளைகளில் ஒன்று, "அம்மா, குருவி போயிடுச்சா?" என்று கேட்கும்.